கியோட்டோவும் மதினி போன ஊரும்

ஐந்து மாதம் ஒரே அறையில் தனியாகப் படுத்து எழுந்தவனுக்குக் குடும்பம் வந்து சேரும்போது சந்தோஷம் பொங்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது அலுப்புதான். தேனியில் நான் வேலை பார்க்கும் நூற்பு மில்லுக்குப் புது மெஷின்கள் வரவிருந்தன. அவற்றைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி என்னை ஜப்பானுக்கு அனுப்பியிருந்தார்கள். நகோயா நகரத்துக்கு வெளியே தொழிற்சாலை. அதை ஒட்டியே தங்குமிடம். பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கையில், ஜனவரிக் குளிரில், மூன்று பேர் வந்து இறங்கினார்கள். என் மனைவி சரோஜா, பத்து வயது மகள் அமுதா, காலமான என் அண்ணனின் மனைவி பாக்கியம் மதினி.

சரோஜாவுக்கும் அமுதாவுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் என் மாமனார். போடியில் ஏலக்காய் வியாபாரம் அவருக்கு. மதினிக்கும் சேர்த்தே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மதினி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் சம்பளத்தில் சேர்த்துவைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணன் போன பிறகு நர்ஸ் படிப்புப் படித்து, தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர் அவர். "நானும் வாரேன்" என்று அவராகத்தான் சொன்னாராம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

குளிர் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் போடிமெட்டுதான். மலையேறும் பஸ்ஸில் ஜன்னலை இறக்கிவிட்டால் அந்தக் குளிர் வெளியே நின்றுவிடும். இங்கே கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கொளுத்தி வைத்தாலும் முதுகுப் பக்கம் மட்டும் ஈரத்துணி ஒட்டினது போலவே இருக்கும். அறையில் அடியில் ஹீட்டர் பொருத்திய குட்டை மேஜை ஒன்று இருந்தது. அதன்மேல் தடித்த போர்வை. நாலு பேரும் நாலு பக்கம் உட்கார்ந்து காலை உள்ளே நீட்டிக்கொள்வோம். அமுதா காலோடு நிறுத்தாமல் கழுத்துவரை உள்ளே போய்விடுவாள். மதினி சேலைக்கு மேலே யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டும், தலையில் தேனி பஜாரில் வாங்கிய குரங்குக் குல்லாவுமாக உட்கார்ந்திருப்பார். தெருவில் நடந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

சாப்பாடு இன்னொரு பாடு. சரோஜா பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் இங்கத்து அரிசி வெந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். "இது சோறா, களியா?" என்று கேட்டுவிட்டு அவள் உருண்டை பிடித்தே பரிமாறினாள். கேண்டீனில் கொடுத்த சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "கருவாடு கழுவுன தண்ணி மாதிரி இருக்கு" என்றாள். நான் ஐந்து மாதமாகக் காலையும் மாலையும் குடித்தது அதைத்தான்.

அந்த வாரம் எனக்குக் கிடைத்தது இரண்டு நாள் விடுப்பு. அதற்குள் ஒரு ஊரைத்தான் பார்க்க முடியும்.

"கியோட்டோ போவம்ங்க" என்றாள் சரோஜா. "கோயில் கோயிலா இருக்காம்ல. இம்புட்டுத் தூரம் வந்துட்டு மெஷினப் பாத்துட்டா ஊருக்குப் போறது?"

"தொயாமா போகலாம்னு இருக்கேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயர் எல்லோருக்கும் தெரியும். யாரும் உச்சரிப்பதில்லை.

அண்ணன் மதுரையில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டுச் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலைக்குப் போனவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், இதே போல ஒரு குளிர்காலத்தில், தொயாமா துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தார். நிமோனியா. கப்பல் காகிதத்தில் என் மில் விலாசத்தைக் கொடுத்திருந்ததால் தந்தி எனக்குத்தான் வந்தது. உடலை ஊருக்கு அனுப்பப் பல வாரம் ஆகும், அங்கேயே தகனம் செய்யச் சம்மதமானால் உடனே தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி.

மதினி அப்போது ஜெயமங்கலத்தில் தன் அப்பா வீட்டில் இருந்தார். தேனியிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நான் பஸ் பிடிக்கவில்லை. தந்தி ஆபீசுக்குப் போய், தகனம் செய்யச் சம்மதம் என்று பதில் அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் ஜெயமங்கலம் போனேன். கப்பல்காரர்களே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள், நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அங்கே சொன்னேன். மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடியில் சாம்பல் வந்தது. வீரபாண்டி ஆற்றில் கரைத்தோம். நான் சொன்ன பொய் என்னோடு இருந்தது. சரோஜாவிடம்கூடச் சொன்னதில்லை.

"மதினிக்காகத்தான்" என்றேன் சரோஜாவிடம். "அண்ணன் கடைசியா இருந்த எடத்த அவுக பாக்க வேணாமா?"

"அதுக்காகன்னா சரி" என்றாள். அமுதாவின் முகம் தொங்கிப்போனது. மதினி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "படுக்கலாம். காலைல இன்னும் குளிரும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு மொரிதா வந்திருந்தார். தொழிற்சாலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அந்த ஆஸ்பத்திரி இன்னும் இருக்கிறது என்று தொலைபேசியில் விசாரித்துச் சொன்னவரும் அவர்தான். ஒரு அட்டையில் ஜப்பானிய எழுத்தில் நாங்கள் யார், எதற்காக எங்கே போகிறோம் என்று எழுதி, கீழே தன் வீட்டு நம்பரையும் போட்டுக் கொடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் பனி மோசம் என்று எச்சரித்தார். மைபாரா என்ற சந்திப்புவரை கியோட்டோவுக்கும் தொயாமாவுக்கும் ஒரே தண்டவாளம். வண்டி அதற்கு மேல் போகாது என்றால் அங்கே இறங்கிக் கியோட்டோ போய்விடுங்கள் என்றார்.

ஒரு மணி நேரம் வெயிலில் போனோம். பிறகு மலை நெருங்கியது. வெளியே முதலில் தூற்றலாக, பிறகு கண்ணை மறைத்துக்கொண்டு பனி. எங்கள் மில்லில் பஞ்சைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமில் கதவைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும். அமுதா கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்படியே தூங்கிப்போனாள். அவளை மடியில் சாய்த்துக்கொண்டு சரோஜாவும் தூங்கினாள்.

வண்டி நின்றது. எந்த ஸ்டேஷனும் இல்லை. போடியிலிருந்து மதுரை போகும் எங்கள் ரயில் இப்படி நின்றால் பாதிப் பேர் இறங்கி, ஒதுங்கிவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஊர்க்கதை பேசிவிட்டு ஏறுவார்கள். இங்கே ஒருவரும் அசையவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு குரல் மன்னிப்புக் கேட்டது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டது. முன் வரிசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"போன வாரம் என் நாத்தனார் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம்."

"அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மதினிக்கு மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க மதினி."

"நேத்து நானும் அங்கனதான நின்னேன். உங்களுக்கு எங்க போகணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலையா?"

"உங்களுக்காகத்தான மதினி..."

"தெரியும். அன்னைக்கும் எனக்காகத்தான தந்தி குடுத்தீக."

இருக்கைக்கு அடியிலிருந்த ஹீட்டர் என் கால் பக்கம் அனலாக அடித்துக்கொண்டிருந்தது. காலை நகர்த்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"தந்தி ஆபீஸ்ல இருந்தவரு சம்சாரம் எங்க ஊருப் பொண்ணு" என்றார் மதினி. குரலை உயர்த்தவில்லை, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்கிற ஜாக்கிரதைதான் அதில் இருந்தது. "கருமாதிக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்."

"ஒம்பது வருசமா ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

சொல்ல வேண்டியதை அப்போதுதான் சொன்னேன். "உங்க முன்னால வந்து நின்னு, என்ன செய்யலாம்னு கேக்க எனக்குத் தெம்பில்ல மதினி. முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சிருக்காதுன்னு நெனச்சேன். பயந்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். "எரிச்சது தப்புன்னு நான் சொல்லல. கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா சொல்ல வேண்டியவ நான்."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மெல்ல நகர்ந்தது. வெளியே ஒரு வயல், ஒரு கம்பம், தலையில் பனியோடு ஒரு வீடு. நான் கேட்டேன்: "இப்பச் சொல்லுங்க மதினி. எங்க போகணும்?"

"தொயாமாவுக்குப் போகணும். தனியாப் போகணும்."

மொழி தெரியாதே என்றேன். பனியில் வண்டி நின்றால் என்ன செய்வீர்கள் என்றேன். நானும் வந்தால்தானே விசாரிக்க முடியும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "நீங்க கூட வந்தா நான் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கணும். நீங்க அழுவீக, நான் ஆறுதல் சொல்லணும். எனக்கு அதுக்கெல்லாம் ஏலாது தம்பி."

நான் அழுதிருப்பேன் என்பது உண்மைதான்.

மைபாராவில் வண்டி நின்றதும் பெட்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்தார்கள். அமுதா பதறிப்போய் விழித்தாள். அங்கிருந்து வண்டி திசை மாறிப் பின்பக்கமாகப் போகும். அதனால் ஒவ்வொருவரும் தங்கள் இருக்கைக்கு அடியிலிருந்த பெடலை மிதித்து, இருக்கையைச் சுழற்றி, எதிர்ப்பக்கம் பார்க்க வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். பேச்சே இல்லை. எங்களைச் சுற்றி நாற்காலிகள் சுழன்றுகொண்டிருந்தபோது நான் சரோஜாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்காவத் தனியா அனுப்புறீகளா? உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"நானாக் கேட்டுத்தான் போறேன் சரோசா" என்றார் மதினி. "நீ புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கோயிலப் பாரு. இவ எத்தன நாளாக் கேட்டுக்கிட்டிருக்கா."

"பெரியம்மா, நீங்க எப்ப வருவீங்க?" என்றாள் அமுதா.

"நாளைக்கு வந்துருவேன் ஆத்தா."

மொரிதாவின் அட்டையை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த இருக்கைக்காரர், எழுபது வயதிருக்கும், அதை எட்டிப் படித்தார். படித்து முடித்ததும் எழுந்து மதினியைப் பார்த்து இடுப்புவரை குனிந்து வணங்கினார். பிறகு மதினியின் இருக்கையைத் தானே சுழற்றிவிட்டார். அவர் போகிற ஊரும் அதே வழியில்தானாம். டிக்கெட் பரிசோதகரிடம் தான் சொல்வதாகவும், நான் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். நாங்கள் மூவரும் பையோடு பிளாட்பாரத்தில் இறங்கினோம். வண்டி வந்த திசைக்கே திரும்பிப் போவது போலக் கிளம்பியது. குரங்குக் குல்லா போட்ட தலை ஒன்று ஜன்னலில் தெரிந்தது. அது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிளாட்பாரத்தில் ஒரு கடை. உட்கார இடமில்லை, நின்றுகொண்டே கிண்ணத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க உறிஞ்ச வேண்டும். சேமியாவைச் சுண்டுவிரல் கனத்துக்குச் செய்தது போல இருந்தது. அமுதா ஊதி ஊதித் தின்றாள். சரோஜா கிண்ணத்தில் கை வைக்கவில்லை. அங்கே நின்றபடியே தந்தி விஷயத்தை அவளிடம் சொன்னேன். கேட்டு முடித்து, தன் கிண்ணத்தை அமுதாவின் பக்கம் நகர்த்தினாள்.

"எங்கிட்டயும் சொல்லலைல" என்றாள். கியோட்டோ வண்டியில் அமுதாவை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தாள்.

கியோட்டோவைப் பற்றி எழுத எனக்கு உரிமை குறைவு. கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. ஆயிரம் சிலைகள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு நீள மண்டபத்துக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் நடக்க வேண்டும். சாக்ஸ் வழியாகக் குளிர் ஆணி போல ஏறியது. சிலைகளில் நமக்கு வேண்டியவர் முகம் ஒன்றாவது இருக்கும் என்று அங்கே சொல்வார்களாம். சரோஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். நான் பார்க்காமல் நடந்தேன். எங்களுக்கு முன்னால் போன வயதான தம்பதி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன் பேச்சைக் கேட்டு வந்துதான் என் கால் மரத்துப் போச்சு."

"மரத்துப் போனால் வலிக்காதே, அப்புறம் ஏன் புலம்புகிறீர்கள்?"

சாயங்காலம் ஒரு சின்னக் கடையில் சாப்பிடப் போனோம். மண்சட்டியில், ஆவி பறக்க, வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. அமுதாவின் கண் விரிந்தது. "அப்பா, இட்லி." சோயாப் பாலைத் திரியவைத்துச் செய்த கட்டி அது. வாயில் வைத்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சரோஜா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரப் பெண் ஓடிவந்து, ருசி சரியில்லையா என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் இன்னொரு சட்டி கொண்டுவந்து வைத்துவிட்டார்.

சிவப்பு டெலிபோனில் காசு போட்டு மொரிதா வீட்டுக்குப் பேசினேன். எனக்குப் புரிய வேண்டும் என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். உங்கள் மதினி வந்து சேர்ந்துவிட்டார். சாப்பிட்டார். நர்ஸ்கள் விடுதியில் தங்குகிறார். அங்கே பனி ஆள் உயரத்துக்கு இருக்கிறதாம். நாளை பன்னிரண்டரைக்குக் கியோட்டோ வரும் வண்டியில் ஏற்றிவிடுகிறார்களாம்." பிறகு, "நீங்கள் போகவில்லையா?" என்றார். வரவேண்டாம் என்று மதினி சொல்லிவிட்டார் என்றேன். "அப்படியா" என்றார் மொரிதா. ஜப்பானியர்களின் அந்த ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம் உண்டு. அன்றைக்கு எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் இன்னொரு கோயிலுக்குக் கிளம்பி, தெருவின் தப்பான பக்கத்தில் நின்று பஸ் ஏறிவிட்டேன். ஐந்து மாதம் இருந்தவன் என்ற தெம்பில் யாரையும் கேட்கவில்லை. பஸ் ஊரைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, கடைசியில் ஒரு ஷெட்டுக்குள் போய் நின்றது. டிரைவர் இறங்கிவந்து பார்த்தால், கடைசி சீட்டில் நாங்கள் மூன்று பேர். எங்கள் பக்கத்துக் கம்பம் ஊரில் இப்படி நடந்திருந்தால் கண்டக்டர் அப்போதே நாலு வார்த்தை கேட்டிருப்பார். இவர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். தப்புச் செய்தவன் நான், மன்னிப்புக் கேட்பவர் அவர். எனக்கு அது தாங்கவில்லை. கோயில் வேண்டாம், ஸ்டேஷனுக்கே போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டு, "என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். சரோஜா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஸ்டேசனுக்குப் போவம். அக்கா வர்ற நேரம்" என்றாள்.

தொயாமாவிலிருந்து வரும் வண்டி பன்னிரண்டரைக்கு வர வேண்டியது. பலகையில் இரண்டு மணி நேரம் தாமதம் என்று எழுதியிருந்தது. பிறகு அதை அழித்து மூன்று என்று எழுதினார்கள். நாங்கள் ஒரே பெஞ்சில் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். கூரையில் பனியைச் சுமந்துகொண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் அமுதா ஓடிப்போய்த் தேடிவிட்டு வந்தாள்.

மதினி வந்தபோது மணி நாலு. கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. கோட்டின் ஓரமெல்லாம் நனைந்திருந்தது. காத்திருப்பு அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்தோம். சரோஜா அவர் பாதத்தை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். கால் சூடேறியதும் அவராகத்தான் பேசினார்.

"போனதும் காலச் சுடுதண்ணில வைக்கச் சொல்லிட்டாக. அதுக்கப்புறந்தான் பேச்சே. அந்த வார்டு இப்ப இல்ல. இடிச்சுட்டுப் புதுசாக் கட்டியிருக்காக. கடலப் பாக்கலாம்னா பனில ஒண்ணுந் தெரியல."

"அப்பப் பாக்க எதுவுமே இல்லையாக்கா?" என்றாள் சரோஜா.

"அவரோட கேஸ் ஷீட்டு இருந்துச்சு. ஒரு பெரிய டாக்டருக்கு இங்கிலீசு கொஞ்சம் வருது. நான் நர்ஸுன்னு சொன்னேன். கீழ குடோன்ல ஒரு மணி நேரம் தேடி எடுத்துட்டு வந்தாக." பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "அவுக எழுத்து எனக்கு ஒண்ணும் புரியல. நம்பரு புரிஞ்சுச்சு. சூடு, நாடி, மூச்சு. நாங்க எழுதறாப்லயேதான். மொத அஞ்சு நாளும் நாலு மணி நேரத்துக்கொரு தரம். கடேசி ராத்திரி மட்டும் அரை மணிக்கொரு தரம். பூராவும் ஒரே கையெழுத்து."

உரித்த பழத்தை அமுதாவிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எத்தனையோ ராத்திரி நானும் எழுதறவதான் தம்பி. பக்கத்துல ஒக்காராம அத எழுத முடியாது. யாரோ ஒருத்தி விடிய விடிய ஒக்காந்திருக்கா. அவ யாருன்னு கேட்டேன். கல்யாணமாகி எங்கிட்டோ போயிட்டாளாம், தெரியலைன்னாக."

சரோஜா அவர் பாதத்தைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கினேன்.

"மதினி, எம்மேல கோவமா இருக்கீகளா?"

"கோவமெல்லாம் இருக்கு" என்றார். "இப்பத் தூக்கந்தான் வருது."

சொல்லிவிட்டு சரோஜாவின் தோளில் தலையைச் சாய்த்தார். அடுத்த நிமிடமே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆட்கள் வந்தார்கள், பெட்டிகளை உருட்டினார்கள், ஒலிபெருக்கி ஓயாமல் ஊர்ப் பெயர்களைச் சொல்லியது. எதுவும் அவரை எழுப்பவில்லை. சரோஜா தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அமுதா நான்காவது ஆரஞ்சைத் தின்றாள்.

நாங்கள் ஏற வேண்டிய நகோயா வண்டி வந்துவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வேலையில் நிற்க வேண்டும். அடுத்த வண்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். சரோஜா கண்ணால் என்னிடம், எழுப்ப வேண்டாம், அடுத்ததில் போகலாம் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் மதினி முன்னால் போய்க் குனிந்து, அவர் கையைத் தொட்டேன்.

"மதினி, வண்டி வந்துருச்சு. இதுல போவமா, அடுத்ததுல போவமா?"

அவர் கண்ணைத் திறந்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யோசித்தார்.

"அடுத்ததுல போவம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.